மிச்சத்தில் விளைந்த தீவு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கொல்லையில் நிற்கும் சீமைப்பலா இவ்வாண்டு கிளை தாழக் காய்த்திருப்பதாக எழுதியிருந்தாய். அந்த மரத்தை நம்பியே உயிர்வாழ்ந்த மக்களைப் பற்றித்தான் இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மிஞ்சிய காய்களை இலை விரித்த குழிகளில் புளிக்கவைத்து, மழை பொய்க்கும் ஆண்டுகளுக்கென்று சேமித்த அவர்களது ஊர், பசிபிக் பெருங்கடலில் தாஹிட்டித் தீவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மார்க்கேசாஸ் தீவுக்கூட்டம்.

அது 1595-இல் வந்த ஸ்பானியர் சூட்டிய பெயர். அங்குள்ளவர்கள் 'தே ஹெனுவா எனாத்தா', அதாவது 'மனிதரின் நிலம்' என்கிறார்கள். ஓவாத்தேயா என்னும் தெய்வம் தன் மனைவிக்காக ஒரே இரவில் கட்டிய வீடுதான் இத்தீவுகள் என்பது அவர்களின் தொன்மம். ஊவா போ தூண்கள்; ஹிவா ஓவா முகட்டு உத்திரம்; நுக்கு ஹிவா கைமரங்கள்; ஃபாத்து ஹிவா கூரை வேய்ந்த ஓலை; தாஹுவாத்தா விடியலின் வெளிச்சம்; வேலை முடிந்தபின் மிச்சம்மீதியைக் கொட்டிய குழி ஊவா ஹுக்கா.

என்னை நெகிழவைத்தது அந்தக் கடைசித் தீவுதான். நீலமும் வெண்மையுமான 'பிஹித்தி' என்னும் சிறு கிளி மற்றத் தீவுகளில் கருப்பு எலிகளால் அழிந்துபோக, அந்த எலி எட்டாத ஊவா ஹுக்காவில், 1940-களில் மனிதர்கள் கொண்டுபோய் விட்டதன் வழித்தோன்றல்களாக மட்டும் இன்று எஞ்சியிருக்கிறது. 1990-களில் ஃபாத்து ஹிவாவில் 29 பறவைகளை விட்டுப் பார்த்தார்கள். பின்னர் எலி அங்கேயும் கரையேறிவிட்டது.

மனிதர்களும் அவ்வாறே அழிவின் விளிம்புவரை சென்று மீண்டவர்கள். 1842-இல் பிரான்ஸ் தீவுகளைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. வெளியார் கொண்டுவந்த நோய்களால் 1920-களில் ஏறத்தாழ 2,000 பேரே மிஞ்சினர், பச்சைகுத்துவதும் தடைசெய்யப்பட்டது. 1897-98-இல் அங்கு தங்கிய ஜெர்மானியர் கார்ல் ஃபோன் டென் ஸ்டைனென், முதியோரின் தோலில் கண்ட கோலங்களை வரைந்து வைத்திராவிட்டால், இன்றைய கலைஞர்களுக்கு அவற்றுள் பல கிட்டியே இருக்காது. 1978-இல் தோன்றிய 'மோத்து ஹாக்கா' சங்கம் மொழியையும் ஆடலையும் மீட்கப் பாடுபட்டது. 1987 முதல் 'மாத்தவா' திருவிழா தீவுக்குத் தீவு மாறி நடந்துவருகிறது.

2024 ஜூலையில் நம் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ குழுதான், இயற்கை, பண்பாடு இரண்டின் பொருட்டும் இத்தீவுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கிளியையும் கோலத்தையும் ஒன்றாகவே எண்ணியது எனக்குச் சரியாகப்படுகிறது.

முற்றிய காய் ஒன்றைத் தோலோடு தணலில் கருகச் சுட்டு, உரித்து, உப்பின்றி உண்டு பார். சுவை எப்படி இருந்தது என்று எழுது.

என்றும் அன்புடன்,
வேலாயுதம்