மாணவர் இனப்பெருக்க நல ஆய்வுகளுக்கு நெறிமுறை வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்: தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு, அரசு மேல்நிலைப் பள்ளி.
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.
பொருள்: பள்ளிகளில் நடக்கும் வளரிளம் பருவ இனப்பெருக்க நல ஆய்வுகள் – நெறிமுறை வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

கடந்த ஆடியில் எங்கள் பள்ளிக்கு ஓர் ஆய்வுக் குழு வந்தது. பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, பெண் பிள்ளைகளிடம் ஒன்பது பக்க வினாத்தாளைக் கொடுத்தார்கள். பெஞ்சுக்கு நான்கு பேர். ஆளாளுக்கு இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினார்கள். தண்ணீர் கொடுக்கப் போன என்னிடம் ஒரு பிள்ளை, 'மாதவிடாய்ச் சுழற்சியில் ஒழுங்கின்மை' என்ற வரியைக் காட்டி, "தலைக்கு ஊத்துறது தள்ளிப்போறதைக் கேக்குறாங்களா அத்தை?" என்றாள்.

அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து நாள்வரை உதிரப்போக்கு நிற்பதில்லை. அதையும் எழுதிவிட்டு, டாக்டர்கள் படித்துப் பார்த்துக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறாள். தாளில் பெயர் இல்லை, இருக்கவும் கூடாது, சரி. ஆனால் பெயரில்லாத தாளை வைத்து யாரும் தேடி வர முடியாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து பிரேயரில் மயங்கி விழுந்த பிறகுதான் கிராம சுகாதார செவிலியர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 7.4 இருந்தது. (தாயின் சம்மதம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

ஆய்வே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. புதுயுகம் திட்டத்தில் நாப்கின் வருகிறது, வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். அது போதுகிறதா என்று கேட்டால்தானே தெரியும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதத்தையும் கேட்கச் சொல்கின்றன. எங்களுக்கு வந்த படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது எங்கள் தப்பும்தான். இனிமேல் படிவமும் கேள்விகளும் பிள்ளைகள் பேசும் தமிழில் இருக்க வேண்டும். தனித்தனியாக உட்கார்ந்து எழுத இடம் வேண்டும். பையன்களையும் அவர்களுக்குரிய கேள்விகளோடு சேர்க்க வேண்டும், மீசை முளைக்கும் வயதில் அவர்களுக்கும் கேட்க ஆயிரம் இருக்கிறது. தொந்தரவு இருந்தால் யாரிடம், எந்தக் கிழமை போகலாம் என்று ஒரு சீட்டு ஒவ்வொரு பிள்ளை கையிலும் கொடுக்க வேண்டும். எழுதும் நாளில் செவிலியர் பள்ளியில் இருக்க வேண்டும்.

அப்புறம், ஆடியில் எழுதி வாங்கிய தாள்களிலிருந்து என்ன தெரிந்தது என்பது இன்றுவரை எங்களுக்கு வரவில்லை. அதை இரண்டு பக்கத் தமிழில் எழுதி எங்கள் குழுவுக்கு அனுப்பும்படி தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன்.

இணைப்பு: குழுத் தீர்மான நகல்.

இப்படிக்கு,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு