கோமதிக்கு, அந்தப் பெண் வருவதற்கு முன்

எடிசன், ஞாயிறு மாலை

அன்புள்ள கோமதி,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கை பரபரக்கிறது. ஆகஸ்டில் கொலம்பியாவிலிருந்து, வீட்டோடு தங்கிப் பிள்ளைகளைப் பார்க்கும் ஓபேர் பெண் வருகிறாள், இரட்டையர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டது, இனி நிம்மதி என்று எழுதியிருக்கிறாய். கிரீன் கார்டு கைக்கு வந்ததும் நீ செய்த முதல் காரியம் இதுதானா! அது இல்லாத ஒரே காரணத்தால் ஓபேர் எடுக்க முடியவில்லை என்று நம் ரவி வருடக்கணக்காகப் புலம்புகிறான். அவனிடம் மெதுவாகச் சொல்.

இங்கே எல்லாரும் நலம். சங்கரனுக்கு முழங்கால் தேவலை. மற்றவை கடைசியில்.

போன மாதம் ஓபேர் ஏஜென்சியின் எங்கள் வட்டார ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். ஓபேராக வந்த ஒரு பிரேசில் பெண் தான் இருந்த வீட்டை விட்டு வருகிறாள், வேறு குடும்பம் அமையும் வரை எங்கள் வீட்டில் தங்கலாமா என்று கேட்டார். இரண்டு பெட்டிகளோடு வந்தாள். முதல் சில நாட்கள் அறையை விட்டு வெளியே வரவே தயங்கினாள். பிறகுதான் தெரிந்தது, பழைய வீட்டில் விடுமுறை நாளன்று காலையிலேயே கிளம்பி நூலகத்தில் போய் உட்கார்ந்துவிடுவாளாம். வீட்டில் இருந்தால் பிள்ளைகள் கதவைத் தட்டுவார்கள். தாயும் "அரை மணிநேரம் பார்த்துக்கொள், கடைக்குப் போய் வந்துவிடுகிறேன்" என்பாராம். நூலகம் மூடிய பிறகு காரிலேயே உட்கார்ந்திருப்பாளாம்.

அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும், கோமதி. கெட்டவர்கள் இல்லை. தீபாவளிக்குப் புடவை வாங்கிக் கொடுத்தார்கள், ஒரே மேசையில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். "எங்கள் வீட்டுப் பெண்" என்றுதான் எல்லாரிடமும் அறிமுகப்படுத்தினார்கள். அதனாலேயே அவளால் மறுக்க முடியவில்லை. வேலைக்காரி என்று நினைத்திருந்தால் மணிக்கணக்காவது பார்த்திருப்பார்கள்!

கோபித்துக்கொள்ளாமல் கேள். கடையநல்லூரில் உங்கள் வீட்டில் இருந்த செல்வியை உன் அம்மா பெற்ற மகளாகத்தான் வைத்திருந்தார். அவள் கையால் சாப்பிடாமல் நான் உங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியதே இல்லை. ஆனால் அவளுக்கு விடுமுறை என்று ஒரு நாள் இருந்ததாக உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. நாம் வளர்ந்த வீடுகளில் பாசம் நிறைய இருந்தது. நேரத்துக்குக் கணக்கு இல்லை. அந்தப் பழக்கம் நம்மோடு விமானம் ஏறி இங்கேயும் வந்துவிட்டது என்பதுதான் என் கவலை.

அதனால் அவள் வருமுன் வார அட்டவணையை எழுதி வை. சட்டப்படி ஒரு நாளைக்கு 10 மணிநேரம், வாரத்துக்கு 45 மணிநேரம், அதற்கு மேல் கிடையாது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை, மாதத்தில் ஒரு வார இறுதி முழுவதும் அவளுக்கு, ஆண்டில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. பிள்ளைகளின் துணி, பிள்ளைகளின் சாப்பாடு, பிள்ளைகளின் அறை, இவ்வளவுதான் அவள் வேலை. உன் வீட்டுப் பாத்திரமும் சங்கத்து விருந்தாளிகளுக்கான சமையலும் அதில் சேராது. நீ வீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாலும் பிள்ளைகள் அவள் பொறுப்பில் இருக்கும் நேரம் வேலை நேரம்தான். விடுமுறை நாளில் அவள் அறைக் கதவு மூடியிருந்தால், அவள் ஊரிலேயே இல்லை என்று வைத்துக்கொள்.

பணத்தைப் பற்றி நீ எழுதியது தவறு. அவளுக்கு வாரம் 195.75 டாலர் சம்பளம் என்று டெக்சாஸிலிருந்து உன் நாத்தனார் சொன்ன கணக்கு உனக்குச் செல்லாது. மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 7.25 டாலரை 45 மணிநேரத்துக்குப் பெருக்கி, அறைக்கும் உணவுக்கும் 40 சதவீதம் கழித்தால் வரும் தொகை அது. நீ இருப்பது மாசசூசெட்ஸ். மாநிலத்தின் ஊதியச் சட்டம் ஓபேர் பெண்களுக்கும் பொருந்தும் என்று 2019 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மணிக்கு 15 டாலர், 40 மணிநேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. 45 மணிநேரம் என்றால் 712.50 டாலர். உணவுக்கும் இடத்துக்கும் கழித்துக்கொள்ள அனுமதிக்கும் தொகை மிகச் சிறியது. ஏஜென்சிக் கட்டணம் வேறு. அவள் படிப்புக்கு 500 டாலர் வரை நீதான் தரவேண்டும். இப்போதே உட்கார்ந்து கணக்குப் போடு. கட்டுப்படியாகாது என்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடு. அந்தப் பெண் போகோட்டாவில் வேலையை விட்டு, உறவுகளிடம் விடைபெற்று, இங்கே வந்து இறங்கியபின் சொல்வது பாவம்.

அடுத்தது உன் மாமியார். அவர் ஆறு மாதம் வந்து தங்கும்போது அந்தப் பெண்ணைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே உன் கணவர் பேசிவிட வேண்டும். நீ பேசினால் வேறு கதையாகிவிடும்.

உங்கள் வீட்டில் மீனும் இறைச்சியும் கிடையாது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டாயா? அவளுக்கென்று ஒரு அடுக்கு, குளிர்பெட்டியில் ஓர் இடம், முட்டை உண்டா இல்லையா, எல்லாவற்றையும் இப்போதே பேசு. இரவு எத்தனை மணிக்கு வருவாள், காரை எடுத்துப் போகலாமா என்பதையும்தான். இருபத்திரண்டு வயதுப் பெண் சனிக்கிழமை இரவு வெளியே போனால் நீ வாசலில் வார்டனாக நிற்காதே. செவ்வாய்க்கிழமை பரோட்டாவுக்காக விடுதிச் சுவரைத் தாண்டிய நமக்கு அந்த உரிமை இல்லை!

அவள் வந்த முதல் மூன்று நாட்கள் நீங்களோ பொறுப்புள்ள வேறு பெரியவரோ வீட்டில் இருந்தே ஆகவேண்டும், விதி அது. நீ ஒரு வாரம் விடுப்பு எடு. எங்கள் வீட்டுக்கு ஓபேராகத் தாய்லாந்துப் பெண் வந்தபோது அந்த முதல் வாரத்தில் அவளோடு கடைக்கும் பூங்காவுக்கும் நடந்ததுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் கைகொடுத்தது. இன்றைக்கும் என் மகளின் பிறந்தநாளுக்கு முதலில் அழைப்பவள் அவள்தான்.

பிரேசில் பெண்ணுக்கு கனெக்டிகட்டில் நல்ல குடும்பம் அமைந்துவிட்டது. நேற்று கிளம்பினாள். அவர்கள் முதல் பேச்சிலேயே அட்டவணையைக் காட்டினார்களாம். அதை என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

அட்டவணையை எழுதியதும் எனக்கு அனுப்பு. விஜயா மேடத்தைப் போல சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன். அப்பாவின் கண் அறுவை எப்படி நடந்தது? செப்டம்பரில் நானும் சங்கரனும் பாஸ்டன் பக்கம் வர நினைக்கிறோம். அவளுடைய விடுமுறை வார இறுதி எது என்று சொல், அப்போதே வருகிறோம். பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ படுத்துத் தூங்கு.

அன்புடன்,
மீனா