பொன்னாடை இல்லாத கவியரங்கம்

அன்புள்ள கதிர்,

கவியரங்கம் என்றாலே எழுந்து ஓடுகிற ஆள் நீ. உன்மேல் தப்பில்லை. படிக்கிற காலத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாம் உட்கார்ந்து கேட்ட கவியரங்கங்கள் அப்படி. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, மேடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் பொன்னாடை, அது ஒவ்வொன்றுக்கும் கைதட்டல், இதெல்லாம் முடிந்து கவிதை தொடங்கும்போது முன்வரிசையைத் தவிர மற்றவர்கள் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள். ஆனால் போன வாரம் இங்கே புதுச்சேரியில் ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் நடுவில் நடந்த கவியரங்கத்தை நீ பார்த்திருக்க வேண்டும்டா. இரண்டு நாளும் நீ பக்கத்தில் இல்லையே என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் வந்த சனி ஞாயிறு. பெருமாள் கோயில் தெருப் பக்கம், பாரதிதாசன் நினைவில்லத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய வீடு. தெருவில் மரத்தூண் வைத்த தாழ்வாரம், அப்புறம் திண்ணை, உள்ளே முற்றம். வீட்டுக்காரர்கள் பிரான்ஸில் இருக்கிறார்கள், சாவி நமக்குத் தெரிந்த ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் இருக்கிறது. அவர் கேட்டதும் சரி என்றுவிட்டார்களாம். அந்த வாரம் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஊரை இரண்டாகப் பிரிக்கிற வாய்க்காலுக்குக் கிழக்கே, பழைய பிரெஞ்சுக்காரப் பகுதியில் கால் வைக்க முடியாது, கடற்கரைச் சாலை முழுக்க வெளியூர்க் கூட்டம், உள்ளூர்க்காரர்கள் வீட்டை விட்டு வெளியே வராமல் ஜனவரி 2-ஆம் தேதிக்காகக் காத்திருப்பார்கள். அந்த நாட்களில், வாய்க்காலுக்கு மேற்கே, நம் ஆட்கள் கூடி நம் பேச்சில் கவிதை படித்தார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஏற்பாடு ரொம்ப எளிமை. கார்த்திகையிலேயே ஓவியங்களையும் சிற்பங்களையும் கவிஞர்களுக்குக் காட்டிவிட்டார்கள். எது மனதைப் பிடிக்கிறதோ அதற்கு எழுது, இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம், அவ்வளவுதான் நிபந்தனை. மேடை கிடையாது. படம் எங்கே மாட்டியிருக்கிறதோ அங்கேயே கவிஞர் போய் நிற்பார், நாம் பாயை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்து உட்காருவோம். படித்து முடித்ததும் ஓவியர் இரண்டு வார்த்தை சொன்னால் சொல்வார், இல்லாவிட்டால் அடுத்த படம். மைக் வைக்கவில்லை. பேசுகிற குரல் முற்றத்திலேயே நன்றாகக் கேட்டது.

ஒரு மூலையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். குருசுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர், ரொம்ப வருஷமாக நீர்வண்ணத்தில் கடற்கரையை மட்டுமே வரைகிறார். வரிசையாக நாலு படம் வைத்திருந்தார், எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று பார்த்தவை. முதல் படத்தில் அகலமான மணல், கட்டுமரங்கள், வலை காய்கிறது. இரண்டாவதில் மணல் பாதி. மூன்றாவதில் மணலே இல்லை, கருங்கல் பாறைகள், அதில் அலை அடிக்கிறது. நமக்கு அந்தப் பாறைதான் புதுச்சேரி என்று பழகிப்போய்விட்டது, இல்லையா? ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டி முடித்தது 1989-இல். இந்தக் கரையோரம் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் சுவர் வந்ததும் மணல் தெற்கே தங்கிவிட்டது, வடக்கே இருக்கிற ஊரின் கரையைக் கடல் அரித்துக்கொண்டு போனது, அதைத் தடுக்கத்தான் கல் கொட்டினார்கள். நாலாவது படத்தில் மறுபடியும் கொஞ்சம் மணல், அதில் குழந்தைகள். 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் தடுப்பு அமைத்த பிறகு சேர்ந்த மணல் அது. இதை எல்லாம் பத்திரிகையில் படித்திருக்கிறோம், ஆனால் ஒருவருடைய கையில் இத்தனை வருஷமாக ஒரே கரை மாறிக்கொண்டே வருவதைப் பார்க்கும்போது அடிவயிற்றில் என்னவோ செய்தது.

மூன்றாவது படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றவர் மீன்பிடிக் குடும்பத்துப் பையன், கல்லூரியில் படிக்கிறான். கையில் காகிதம் இல்லை. சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னான்:

படகை இழுத்து வைக்க
ஒரு முழம் மணல் கேட்டார் அப்பா.
லாரி லாரியாய்க்
கருங்கல் கொடுத்தார்கள்.

இன்னும் நீளமான கவிதை, எனக்கு இந்த நாலு வரிதான் அப்படியே நிற்கிறது. பெரியவர் எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தார். பேசவில்லை. பொன்னாடையெல்லாம் அதற்கு ஈடாகுமா, சொல்லு.

இன்னொன்றையும் அந்தப் பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நீர்வண்ணம் போடுவது கஷ்டமாம். காற்றில் அத்தனை ஈரம், ஒரு பூச்சு காய்வதற்குள் அடுத்ததை வைத்தால் வண்ணம் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும், காகிதமும் அலையலையாக நெளிந்துகொள்ளும். அதனால் மழைக்கால வானத்தை வரையும்போது அந்த ஓட்டத்தையே பயன்படுத்திக்கொள்வாராம். நாலாவது படத்தின் வானத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன், சாம்பல் நிறம் கீழே இறங்கி நீலத்தோடு கலந்து நின்றிருக்கிற இடத்தில் பிரஷ் பட்ட தடமே இல்லை. ஈரம் தானே வரைந்தது என்றார்.

அப்புறம் வில்லியனூர்ச் சுடுமண் சிற்பக்காரர்கள். புவிசார் குறியீடு வாங்கிய வேலை, 2020-இல் முனுசாமி அவர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது நாம் இதைப் பற்றிப் பேசியது நினைவிருக்கும். இங்கே வந்திருந்தவர் இளைஞர், சின்னச் சின்னக் குதிரைகளும் ஒரு பெரிய தாய் சேய் சிற்பமும் வைத்திருந்தார். மழைக் காலத்தில் அவருக்கும் வேலை நின்றுவிடுமாம். மண்ணுக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தால்கூடச் சூளையில் அது ஆவியாகி வெடித்துவிடும், அதனால் வைத்திருந்தது எல்லாம் கோடையில் சுட்டவை. குதிரையைத் திருப்பிக் காட்டினார், வயிற்றுக்கடியில் ஒரு சின்ன ஓட்டை. உள்ளே இருக்கிற காற்று வெளியே போக அது இல்லாவிட்டால் குதிரை சூளையிலிருந்து முழுசாக வராது என்றார். அதற்கு எழுதியிருந்த கவிதை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, மண்ணே தாயே என்று பொதுவாகப் போய்விட்டது. அந்த ஓட்டையை அந்தக் கவிஞர் பார்த்திருந்தால் நல்ல கவிதை கிடைத்திருக்கும் என்று நினைத்தேன்.

புகைப்படங்களும் இருந்தன. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோதும் அதற்கு அடுத்த நாட்களிலும் எடுத்தவை. ஊருக்குள் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை, அது வடிவதற்குள் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை பெருகி, பாகூர்ப் பக்கம் கிராமம் கிராமமாகத் தண்ணீர். உங்கள் கடலூர்ப் பக்கமும் அப்போது பட்டது கொஞ்சமா? பாகூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவர், தண்ணீருக்கு நடுவில் நிற்கிற வீட்டின் படத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தார்:

ஏரி எங்கள் வீட்டுக்கு வந்து
இரண்டு ராத்திரி தங்கியது.
எழுந்து போகும்போது
மூட்டையில் இருந்த நெல்லெல்லாம்
பச்சையாய் முளைத்திருந்தது.

கூட்டத்தில் இருந்த பாட்டி ஒருவர், "இன்னொரு தடவை படிம்மா" என்றார். அந்தக் காலத்துக் கவியரங்கத்தில் நல்ல வரி வந்தால் கூட்டம் "மறுமுறை, மறுமுறை" என்று கேட்குமே, அந்தப் பழக்கம் இன்னும் சாகவில்லை. இந்த முறை கேட்டது அந்த நெல்லை அறிந்த ஒரு மனுஷி. அந்த அங்கன்வாடி அம்மா மறுபடி படித்தார், மெதுவாக. இரண்டாவது தடவை கேட்கும்போதுதான் எனக்கு முதல் வரியே உறைத்தது.

இந்த மெதுவாகப் படிப்பது பற்றி ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். இளைஞர்களில் பாதிப் பேர் போனைப் பார்த்து வேகமாகப் படித்துவிட்டு ஓடிவிட்டார்கள். எழுதியது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வரி முடிகிற இடத்தில் மூச்சு விடாவிட்டால் கேட்கிறவனுக்கு அது வசனமாகத்தான் போய்ச் சேரும். பழைய தமிழாசிரியர் ஒருவர் எண்சீர் விருத்தம் ஒன்று எழுதிக்கொண்டு வந்திருந்தார், பொருள் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் சீர் பிரித்து அவர் சொன்ன விதத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். புதுக்கவிதைக்காரர்கள் அவரிடம் ஒரு மாதம் உட்கார்ந்து வாசிக்கக் கற்றுக்கொண்டால் நல்லது என்று நான் வெளிப்படையாகவே சொன்னேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தக் கல்லூரிப் பையன் அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டான்.

உங்கள் பக்கத்து ஊர்க்காரரையும் மறக்கவில்லை. குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் ஆடூரில் 1924-இல் பிறந்து, புதுச்சேரியில் வளர்ந்து, 1965-இல் நாற்பது வயதிலேயே போய்விட்டாரே கவிஞர் தமிழ்ஒளி, அவருக்கு ஒரு படம் வைத்திருந்தார்கள். வரைந்தவர் விளம்பரப் பலகை எழுதுகிறவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை போய், இப்போது வாடகை ஆட்டோ ஓட்டுகிறார். படத்தோடு நிற்காமல், கவிஞர்கள் சொன்ன வரிகளைப் பலகையில் எழுதியும் கொடுத்தார், ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து. நீலத்தூள் தொட்ட நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு சுண்டு, நேர்கோடு விழுந்துவிடும். அதன்மேல் எனாமல் பெயின்ட். ணகரத்தின் சுழிகளை பிரஷ் எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டார். என் பேத்தி வயதுப் பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. கையால் எழுதிய பெரிய எழுத்தை அவர்கள் பார்த்ததே இல்லையாம்.

எனக்குத் தோன்றுவது இதுதான், கதிர். இந்த ஊரில் கவிதை முதலில் வளர்ந்ததே வீட்டிலும் தோப்பிலும்தான். 1908-இல் பாரதி இங்கே வந்து 1918 வரை இருந்தாரே, வாசலில் ஒற்றர்கள் காவல் நிற்க, எந்த மேடையில் பாடினார்? நண்பர்கள் வீட்டில் பாடினார், முத்தியால்பேட்டைக் குயில் தோப்பில் பாடினார். பின்னால் பாரதிதாசன் ஆன கனக சுப்புரத்தினம் அவர் கண்ணில் பட்டதே ஒரு கல்யாண வீட்டில், பாரதியே எதிரில் உட்கார்ந்திருக்க அவருடைய பாட்டையே பாடியபோதுதான். கேட்கிறவர்கள் பத்துப் பேராக இருந்தாலும் முகம் பார்த்துக் கேட்கிற பத்துப் பேர் வேண்டும். அதை நாம் மண்டபத்துக்கும் மாலைக்கும் விட்டுக்கொடுத்துவிட்டோம். திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர ஒன்றும் பெரிய செலவில்லை, பாய், சுண்டல், சுக்குக் காபி, அவ்வளவுதான் இங்கே ஆனது, அதையும் வந்தவர்கள் போட்ட உண்டியலே பார்த்துக்கொண்டது.

விற்பனைதான் போதவில்லை. வந்தவர்களில் நிறையப் பேர் படத்துக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, அருமை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இது எனக்கு வலிக்கிறது. கல்யாணத்துக்குப் பரிசு வாங்கப் போனால் யோசிக்காமல் ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்துப் பீங்கான் செட்டும் கடிகாரமும் வாங்குகிறோம், அதே காசுக்கு வில்லியனூர்க் குதிரை கிடைக்கும், பக்கத்துத் தெருக்காரர் வரைந்த கடல் கிடைக்கும். நான் அந்தக் கருங்கல் படத்தை வாங்கினேன். வீட்டில் முதலில், மணல் இருக்கிற படத்தை வாங்கியிருக்கலாமே என்றாள். இப்போது அவளே வருகிறவர்களுக்கு எல்லாம் துறைமுகக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உன் மகள் கல்யாணத்துக்கு என் பரிசு என்ன என்று இப்போதே தெரிந்திருக்கும், சுடுமண் குதிரை ஜோடியாகச் சொல்லி வைத்துவிட்டேன், வெயில் ஏறியதும் சுட்டுத் தருவார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். குறிஞ்சிப்பாடித் தறிக் கொட்டகையைப் பற்றி நீ எழுதினாயே, உன் அப்பா கைலிக்குப் பாவு ஓட்டும்போது தெருவே நூலாக நீண்டு கிடக்கும் என்று, அந்தக் கவிதை உன்னிடம் இன்னும் இருக்கிறதா? கோயம்புத்தூருக்குப் போனபோது நோட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டுதான் போனாய் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை கடலூரில் வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள், அனேகமாக மாசியில். அந்தப் பலகை எழுதுகிறவரிடம் உன் கவிதையைப் பற்றி வாயால் சொன்னேன். பாவு ஓட்டுகிற தெருவை வரைகிறேன், ஆனால் நிறம் என்ன, பாவு தாங்குகிற காலை எப்படி நடுவார்கள், எத்தனை அடி நீளம் என்றெல்லாம் சரியாகத் தெரிய வேண்டும் என்கிறார். எனக்கு அது தெரியாது. அவருடைய நம்பரைத் தனியாக அனுப்புகிறேன், நீயே பேசு. பழைய போட்டோ ஏதாவது இருந்தால் அதையும் அனுப்பு.

கவிதையை நீயே வந்து படிக்க வேண்டும், வேறு யாரிடமும் கொடுத்து அனுப்பாதே. முழங்கால் வலி என்று எழுதியிருந்தாய், நாற்காலி போட்டுவிடலாம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எந்தத் தேதி என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் செல்வம்
புதுச்சேரி