'மிகப் பெரிய' பகா எண் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 அக்டோபரில் அமெரிக்கரான லூக் டுரான்ட் கண்டுபிடித்த எண்ணை 'உலகின் மிகப் பெரிய பகா எண்' என்றே பலரும் எழுதிவிடுகிறார்கள். (1-ஐவிடப் பெரியதாய், 1-ஆலும் தன்னாலும் மட்டும் மீதியின்றி வகுபடும் எண்ணே பகா எண்.) அப்படி ஒன்று இருக்கவே முடியாது. பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை பண்டைய கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் எப்போதோ நிரூபித்துவிட்டார். 'இதுவரை தெரிந்தவற்றில் பெரியது' என்று எழுதினால் சரி.

13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதில் 1 கழித்தால் வருவது அந்த எண். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். பக்கத்துக்கு 3,000 இலக்கம் என அச்சடித்தாலும் 13,600 பக்கங்களைத் தாண்டும். 0, 1 மட்டும் கொண்ட இரும முறையில் எழுதினால் வெறும் ஒன்றுகள்தான், ஒரு பூஜ்யம்கூட வராது. இவ்வகை எண் பகா எண்ணாக இருக்க, அடுக்கும் (பெருக்கிய இரண்டுகளின் எண்ணிக்கை) பகா எண்ணாக இருக்க வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்தான். 2-இன் 11-ஆம் அடுக்கில் 1 கழித்தால் 2047, அதுவோ 23 × 89!

வங்கிப் பாதுகாப்புக்கு இது உதவும் என்பதெல்லாம் மிகை. அங்கே தகவலைப் பூட்டும் ரகசியக் குறியீட்டுக்குச் சில நூறு இலக்கப் பகா எண்களே தாராளம்.

தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பிலேயே ஒன்று கேட்கலாம்: இந்த எண்ணின் கடைசி இலக்கம் என்ன? 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்றே மாறி மாறி முடியும். அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே கடைசி இலக்கம் 2. ஒன்றைக் கழித்தால் 1. கணினியே வேண்டாம். உங்கள் மாணவர் பக்கத்தில் சுடோகுவோடு வாரம் இப்படி ஒரு கணக்கும் போடுங்களேன்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.