மலாக்காவின் பழைமையும் நம் தோட்டக் கோயில்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலேசியக் கடற்கரை நகரான மலாக்காவில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும், 1748இல் தொடங்கிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும், அவற்றினும் பழைய செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் அருகருகே நிற்பதை நம்மவர் பலர் அறிவர். பள்ளிவாசலின் மினாரா எனும் தொழுகை அழைப்புக் கோபுரம் சீனப் பகோடாவைப் போல் அடுக்கடுக்காக உயர்வதைக் கண்டு வியப்பவர்கள், நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வழிபடும் தோட்டக் கோயில்களின் சுதைச் சிற்பங்களை ஏனோ பொருட்படுத்துவதில்லை. குடமுழுக்குதோறும் பழைய சுண்ணாம்புச் சுதையின் மேல் பளபளக்கும் எண்ணெய்ச் சாயம் பூசப்படுவதால், உள்ளே தங்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உப்பி உதிர்கிறது. நன்கொடையாளர் பெயர்ப் பலகை மட்டும் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே, திருப்பணிக்கு முன்னரே சிற்பங்களைப் படமெடுத்துப் பதிவு செய்யவும், மரபறிந்த ஸ்தபதியிடம் கருத்துக் கேட்கவும் ஆலய நிர்வாகக் குழுக்கள் முன்வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பகாவ்