தாத்தா ஓட்டிய வண்டி

அன்புள்ள வள்ளிக்கு,

இங்கே எல்லாரும் நலம். பள்ளிக்கூடத்தில் பேரனைக் குடும்ப மரம் எழுதச் சொன்னார்கள், உன் தாத்தாவான என் ஐயா பெயருக்கு நேரே ‘டிரான்ஸ்போர்ட்’ என்று போட்டுக் கொடுத்தேன் என்று போனில் சொன்னாயே, அது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. வண்டிக்காரர் என்றே எழுது கண்ணு. கூச்சப்பட அதில் ஒன்றுமில்லை.

சங்கப் பாட்டில் தேரோட்டிக்கு வலவன் என்று பெயர். வலம் என்றால் வலிமை, வெற்றி. சமர்த்தனையும் வலவன் என்பார்கள். புறநானூற்று 27ஆம் பாட்டில், புகழோடு வாழ்ந்தவர்கள் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ ஏறுவார்கள் என்று வருகிறது. ஓட்டுகிறவன் இல்லாமல் ஊர்தி போவதென்றால் அது வானத்தில்தான் என்று அந்தப் புலவருக்குத் தோன்றியிருக்கிறது, பார்! போர் முடிந்து வீடு திரும்பும் தலைவன் மனசைத் திறந்து பேசுவதும் வலவனிடம்தான்: வெரசாக ஓட்டு, அவள் காத்திருப்பாள் என்று.

சாரதி வடசொல், ஒரே தேரில் கூட இருப்பவன் என்ற கருத்தில் பிறந்தது என்பார்கள்.

ஐயா ஓட்டியது செட்டியார் வீட்டு வில்வண்டி. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்குக் கிளம்புமுன் சக்கரம் கழலாமல் பிடிக்கும் இரண்டு கடையாணியையும் விரலால் அழுத்திப் பார்ப்பார். வைக்கோல் பரப்பி ஜமுக்காளம் விரித்து, பெரிய ஆச்சி ஏறியதும், “கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க ஆச்சி” என்பார். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் கூடினால் கழுத்துப் புண்ணாகும். அவ்வளவு பெரிய வீட்டு ஆச்சியும் மறுபேச்சில்லாமல் நகர்ந்து உட்காருவார்கள். தார்க்குச்சி கூண்டில் செருகியே இருக்கும். அது மாட்டின் மேல் பட்டு நான் பார்த்ததில்லை. நாக்கைச் சொடுக்கினால் மயிலைக்காளை இரண்டும் நடையை மாற்றும். சமர்த்து என்பதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான்.

மே மாசம் வரும்போது பேரனைப் பிரான்மலைக்குக் கூட்டிப்போவோம். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பறம்பு மலை அதுதான். தேரை ஓட்டியவர் யார் என்று அவன் கட்டாயம் கேட்பான், கேட்கட்டும். விடியக்காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன் ஏறிவிடலாம். அவனுக்கு நல்ல செருப்பாக வாங்கி வா.

அன்புடன்,
அம்மா