ஊசி போட்ட எட்டாம் நாள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோழி அம்மை பற்றிய உங்கள் கட்டுரையில் தடுப்பூசி போடச் சொல்லியிருந்தீர்கள். சரிதான். ஆனால் ஊசி போட்ட பிறகு பார்க்க வேண்டிய ஒன்று அதில் விடுபட்டுவிட்டது. அது தெரியாததால் 140 கோழிகளில் 23 கோழிகளைப் பறிகொடுத்தவள் நான்.

என் கோழிகளுக்கும் ஊசி போட்டிருந்தது. காலையில் மருந்தைக் கரைத்தார்கள். கடைசிக் கோழியைப் பிடிக்கும்போது உச்சிவெயில். மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ், கரைத்ததைக் குளிர்ச்சியில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும் என்று வந்தவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த நோயைப் பரப்பும் கொசு பெருகிய நாட்களில் கொண்டையிலும் தாடியிலும் மிளகு மிளகாகக் கொப்புளங்கள். ஊசிதான் போட்டாயிற்றே, ஒன்றையொன்று கொத்திய காயம் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் இமைகள் வீங்கிக் கண் மூடிக்கொண்டன. தீவனத்தின் முன்னாலேயே பட்டினி கிடந்தன. உப்புநீரால் கண்ணைத் துடைத்து, கையால் ஊட்டியவை மூன்று நான்கு வாரத்தில் தேறிவிட்டன. செத்தவை பெரும்பாலும் முகத்தில் அதிகம் கொப்புளம் இல்லாதவை. வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. அலகைத் திறந்தால் தொண்டையை அடைத்தபடி மஞ்சள் படலம்.

கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "ஊசி போட்ட பிறகு இறக்கையைப் பார்த்தீர்களா?" இறக்கைச் சவ்வில் குத்திய இடத்தில் 7 முதல் 10 நாட்களுக்குள் தடிப்போ பொருக்கோ வர வேண்டுமாம். அதுதான் மருந்து பிடித்ததற்கு அடையாளம். பல கோழிகளில் அது இல்லையென்றால் மருத்துவரைக் கேட்டு மறுபடி போட வேண்டும். நோய் வந்த பின் வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் புண்ணில் சேரும் பாக்டீரியாவுக்குத்தான். பொருக்கைப் பிய்க்கவும் கூடாது. உதிர்ந்த பொருக்கில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

பெயரில் அம்மை இருந்தாலும் இது மனிதருக்குத் தொற்றாது. இது தெரியாமல் என் மகளை ஒரு மாதம் கொட்டகைப் பக்கமே விடவில்லை.

அடுத்த முறை எழுதும்போது அந்த இரண்டு மணி நேரத்தையும் இறக்கையைப் பார்க்கும் நாளையும் தயவுசெய்து சேர்த்து வெளியிடுங்கள். இந்த முறை எட்டாம் நாள் 20 கோழிகளைப் பிடித்து இறக்கையை விரித்துப் பார்த்தேன். 19 கோழிகளுக்குப் பொருக்கு இருந்தது.

இப்படிக்கு,
கோழி வளர்க்கும் வாசகி